தவமலர் அக்கா கேட்ட கடிதம்

காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. திரையில் தவமலர் அக்காவின் பெயர். வெகுகாலமாக அந்தப் பெயரைக் கண்டால் எடுப்பதற்கு எனக்குக் கை வராது. அன்றும் நாலைந்து முறை அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் அருளானந்தம் அண்ணன். "கிருபா, தவம் போயிட்டா. கொஞ்சம் முன்னந்தான்" என்றார். பிறகு, எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்த பழைய ஆட்களுக்கு நான்தான் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது அழுகை இல்லை. அவர் கேட்ட கடிதத்தை இனி யாருக்காக அனுப்புவது என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துக்கொண்டு தவமலர் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் அதைவிடப் பெரிய வெட்கம் வேறில்லை.

அவரை அறிந்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் உள்ள ஒரு வாசிகசாலைக்கு அவர் கம்பியில்லாமல் இணைய இணைப்புக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இணைப்பு எங்கள் தொலைக்காட்சிப் படத்தைக் கெடுத்தது, அதனால் மூடப்பட்டது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொழும்பில் உள்ள கோப்பும் அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கோப்பில் இருக்கும் முறைப்பாட்டில் கையொப்பமிட்டவன் நான். அது பிழையான முறைப்பாடு. பிழை என்று தெரிந்த பிறகு, அதைத் திருத்தி ஒரு கடிதம் எழுதும்படி அவர் என்னிடம் கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவர் உயிரோடு இருக்கும்வரை நான் அனுப்பவில்லை.

எங்கள் நிலையம் மிகச் சின்னது. கொழும்பிலிருந்து வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வாங்கி மட்டக்களப்புப் பகுதிக்குத் திரும்ப அனுப்புவதுதான் வேலை. ஒரு கோபுரம், ஒரு கட்டடம், ஒரு ஜெனரேட்டர், நாலு பேர். தவமலர் அக்கா இயந்திரங்களுக்குப் பொறுப்பு. எனக்குக் கடதாசிகள் பொறுப்பு. பிற்காலத்தில் நிலையத்துக்கும் பொறுப்பாளன் ஆனேன். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் 'நீங்க' என்ற மரியாதையை ஒருநாளும் விட்டதில்லை.

ஒருமுறை, வாவிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு முதியவர் எங்களுக்கு அடுத்தடுத்து மூன்று முறைப்பாடுகள் எழுதினார். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை தெரிகிறதாம், ஆனால் எல்லா நாளும் இல்லையாம். நான் அவருக்கு, எமது ஒளிபரப்பில் எவ்விதக் குறைபாடும் இல்லை என்று அழகான பதில் ஒன்றைத் தட்டச்சுச் செய்து வைத்தேன். அக்கா அந்தப் பதிலை வாசித்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் பஸ் ஏறி அந்த முதியவரின் வீட்டுக்கே போய்விட்டார். அந்த வீட்டு மருமகள் உடுப்புக் காயப்போடும் கொடியை அன்ரனாக் கம்பத்தில் கட்டியிருந்தாளாம். ஈர உடுப்பின் பாரத்துக்குக் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. உடுப்புத் துவைக்கிற நாட்களில் மட்டும் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை. கொடியை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டு, அவர்கள் கொடுத்த தயிரையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"முறைப்பாட்ட மேசையில வெச்சு வாசிச்சா அது வெறும் கடதாசிதான் கிருபா. அது வந்த கூரையப் போய்ப் பாக்கணும்" என்றார்.

அதன் பிறகு பல வருடங்கள் அவரை 'உடுப்புக்கொடி இன்ஜினியர்' என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. நான் எழுதிய பதில்களை வாசித்துக் காட்டி என்னைக் கேலி செய்ய அவருக்கும் தெரியும்.

கோபுரம் ஏறுகிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், பெண்ணைக் கோபுரத்தில் ஏற்றக்கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மறுக்கவில்லை. அந்தக் கட்டளையை எழுத்தில் தந்தால் நல்லது, மேலே பழுது வரும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம் என்று மட்டும் கேட்டார். எழுத்து வரவேயில்லை. ஓய்வு பெறும்வரை அக்கா அந்தக் கோபுரத்தில் ஏறி இறங்கினார். மேலே போனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் அதற்கப்பால் வட்டைகள் என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளும் தெரியும். இறங்கி வந்ததும் முதலில் சொல்வது இயந்திரத்தைப் பற்றி இருக்காது. எந்த வட்டையில் அறுவடை முடிந்திருக்கிறது என்பதைத்தான் சொல்வார்.

அவர் ஓய்வு பெற்றுச் சிறிது காலத்தில் கொரோனாத் தொற்று வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் இணையத்தில் என்றார்கள். வாவிக்கு இப்பால், எழுவான்கரையில் இருந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு தொந்தரவு மட்டும்தான். படுவான்கரையில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை ஒரு கோடு வரும், போகும். பழுகாமத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கிராமத்தில் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று பாடம் கேட்டதை அக்கா கண்டார். அங்கேதான் அவருடைய தாய்வழிச் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மனுசி மறுபடி வேலைக்கு இறங்கிவிட்டார்.

தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கிய வானலைகளில் எல்லா இடமும் எல்லா ஊரிலும் பயன்படுவதில்லை. ஓர் அலைவரிசை இன்னோர் அலைவரிசையோடு மோதாமல் இருக்க நடுவில் இடைவெளி விடுவார்கள். எங்கள் பகுதியில் அப்படிச் சும்மா கிடக்கும் இடங்கள் நிறைய. அந்த வெற்றிடத்தில் இணையத்தை அனுப்பலாம். தென்னந்தோப்பையும் புளியமரத்தையும் தாண்டிப் போகக்கூடிய அலை அது. மற்றக் கம்பியில்லா இணைப்புகள் இலை குறுக்கிட்டாலே படுத்துவிடும். வேறு நாடுகளில் இதற்கு அனுமதிப்பத்திரம்கூடக் கேட்பதில்லை, தொலைக்காட்சிக்கு இடையூறு செய்யாமல் இருந்தால் போதும் என்று அக்கா சொல்வார். இங்கே அப்படி ஒரு விதி இல்லை. அரசாங்கத்துக்கு எழுதி எழுதி, பரீட்சார்த்த அனுமதி ஒன்றை வாங்கினார். நகரப் பக்கம் புளியந்தீவில் ஒரு நண்பரின் மாடியில் ஓர் அன்ரனா, வாசிகசாலைக் கூரையில் இன்னொன்று. நடுவில் வாவி. ஒன்பது பிள்ளைகள் அந்த வாசிகசாலையில் இடைவெளி விட்டு உட்கார்ந்து, புளியந்தீவிலிருந்து ஓர் ஆசிரியர் படிப்பித்த கணிதத்தைக் கேட்டார்கள்.

எங்கள் தலைமை அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய பயத்தை நான் முட்டாள்தனம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றப்போகிறோம், மாற்றப்போகிறோம் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது நடக்கும் நாளில் யாருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று எந்த நிலையத்துக்கும் தெரியாது. இந்த நிலைமையில் வெற்றிடத்தில் யாரையும் உள்ளே விட்டால் பிறகு வெளியேற்ற முடியாது என்பது அவர்களுடைய வாதம். எனக்கும் ஒரு வாதம் இருந்தது. அன்ரனாவை நம்பி, மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வயதானவர்களை யார் நினைத்துப் பார்ப்பது?

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது என்று நான் எழுந்து சொன்னேன். அக்கா எதிர்ப்பக்கத்தில் இருந்தார். கோபப்படாமல், வழக்கமாகப் பேசுவது போலவே பேசினார்.

"அறுவட முடிஞ்ச வட்டையில ஊர் மாடெல்லாம் மேயுது. அதுக்கு ஆரும் காணி உறுதி எழுதிக் குடுக்கிறல்ல. விதைப்புக்கு முந்திக் கூட்டம் வெச்சு, மாடு அகற்றுற நாள் இன்னது எண்டு சொல்லுறம். அண்டைக்கு மாடு வெளியால போயிரும். அந்த வெளி உங்கட வட்டதான், நான் இல்லெண்டு சொல்லல்ல. நாளச் சொல்லுங்க, நாங்க போறம். அதுவரைக்கும் பிள்ளையள் மேயட்டும்."

கூட்டத்தில் இருந்த விவசாயிகள் சிரித்துத் தலையாட்டினார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் உறைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அடுத்து நான் செய்த காரியத்துக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இணைப்புத் தொடங்கிய அதே வாரத்தில் எங்கள் படத்தில் கோடுகள் விழத் தொடங்கின. முதலில் கண்டது என் வீட்டில்தான். பிறகு பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நான் அவர்களுடைய பெயர்களையும் முகவரிகளையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்துக்குச் சொன்னதும், அன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு வேண்டும் என்றார்கள். அதற்கிடையில் விஷயம் அக்காவின் காதுக்குப் போய்விட்டது. உடனே கூப்பிட்டார். தான் இணைப்பை நிறுத்தி நிறுத்திப் போடுவதாகவும், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் உண்மை தெரிந்துவிடும் என்றும் சொன்னார்.

"ரெண்டு பேருமாச் சேந்து ஒருக்கா அளந்து பாப்பமே. பிழ என்னிலயெண்டா நானே நிப்பாட்டுறன்."

எனக்கு நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. கடிதத்தில், இடையூறு அந்த இணைப்பினால்தான் ஏற்படுகிறது என்பது 'பரிசோதித்து உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. முகவரிப் பட்டியலையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அனுமதி இரத்தானது. அக்கா தானே மாடிக்குப் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, நிப்பாட்டியாச்சு என்று எனக்கு அறிவித்தார். நன்றி சொன்னேன்.

மறுநாளும் என் வீட்டுத் திரையில் கோடுகள் ஓடின. அதற்கடுத்த நாளும் ஓடின. என் மனைவி கேட்டாள், அதை நிப்பாட்டியாச்சுதானே, பிறகும் ஏன் என்று. காலநிலை என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தேன். கூப்பிட்டவர்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம் அக்கா கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய அன்ரனாவும் அளக்கும் கருவியும் என் முறைப்பாட்டின் பிரதியும். மனைவி தேநீர் கொடுத்தாள். குடித்து முடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். பட்டியலைப் பிரித்து என் முன் வைத்தார். அதில் இருந்த முகவரிகள் எல்லாமே எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த நாலைந்து தெருக்களில் இருந்தன. வாவியின் கரையில், இணைப்புக்கு நேர் கீழே இருந்த வீடுகளிலிருந்து ஒரு முறைப்பாடுகூட இல்லை. என் கையால் எழுதிய பட்டியல். ஒருதடவையாவது அதை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு முற்றத்தில் நின்று அந்தச் சிறிய அன்ரனாவை நாலு பக்கமும் திருப்பினார். கடைசியில் என் கூரையைப் பார்த்து நிறுத்தினார். அங்கே அன்ரனாவோடு ஒரு பூஸ்டர் இருந்தது. தென்னை மறைப்பதால் படம் தெளிவில்லை என்று, இணைப்புத் தொடங்கிய அதே வாரத்தில் நான் வாங்கிப் பூட்டியது. நிலையப் பொறுப்பாளரின் வீட்டிலேயே நிலையத்தின் படம் தெளிவில்லை என்பது வெளியே தெரியக்கூடாது என்று பேசாமல் பூட்டினேன். மலிவான சாமான். வந்த சமிக்ஞையைப் பெருக்குவதை விட்டுவிட்டுத் தானே ஒரு குட்டி நிலையமாகக் கத்திக்கொண்டிருந்தது. அக்கா அதற்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரையில் கோடுகள் போய்விட்டன. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தங்களுக்கும் படம் சரிவந்துவிட்டது என்றார்.

அவர் கேலி செய்திருக்கலாம். திட்டியிருக்கலாம். சாமான்களைப் பைக்குள் வைத்துவிட்டு, வாசற் படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"இத ஒருக்கா எழுதி அனுப்புங்க கிருபா. எனக்காக இல்ல. அந்தப் பிள்ளையள் திரும்பவும் தாங்கியில ஏறி நிக்குதுகள்."

நாளைக்கே எழுதுகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தேன்தான். நாலு தடவை எழுதினேன். பூஸ்டரைப் பற்றி எழுதுவது கடினமில்லை. அது யாருக்கும் நேரக்கூடிய பிழை. 'பரிசோதித்து உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதினேனே, அதை என்னவென்று எழுதுவது? நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடமும் இல்லை. பொய் எழுதியவன் என்ற பெயரோடு வெளியேற மனம் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்றிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, இனி என் எழுத்துக்கு என்ன மதிப்பு என்று தட்டிக்கழித்தேன். சாக்குப்போக்குக்கு எனக்குக் குறைவே இருக்கவில்லை. அதற்கிடையில் அக்கா இரண்டாவது தடவையும் அனுமதிக்கு விண்ணப்பித்ததையும், முன்னைய இடையூற்றைக் காரணம் காட்டி அது திருப்பி அனுப்பப்பட்டதையும் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. என் பெயரைச் சொல்லி, கல்லடிக்கு வந்து பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை.

பிறகு நோய் வந்தது. வைத்தியசாலையில் பார்க்கப் போனபோது ஐந்தாவது தடவை எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அவரிடம் காட்டிவிட்டு அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். கோபுரம் ஏறிய கைகள் மெலிந்து கட்டிலில் கிடந்தன. என் முழங்கால் நோவு எப்படி என்று கேட்டார். மனைவியைக் கேட்டார். பிறகு தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"சனலெல்லாம் ஒருநாளைக்குப் போயிரும் கிருபா. வார்டுல பாத்தீங்களா, எல்லாரும் போன்லதான் பாக்குறாங்க. நாம சண்ட புடிச்ச அந்த வெளி மட்டும் மிஞ்சும். அத ஆருக்குக் குடுக்கப் போறாங்க எண்டதுதான் கத."

கடிதத்தை எடுக்கக் கை போனது. அந்த நேரம் தாதி வந்தார், பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். தாதியைக் காரணம் சொல்லக்கூடாது. அவர் வராவிட்டாலும் நான் எடுத்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன். பூஸ்டரையும் எழுதினேன், பரிசோதனை நடக்காததையும் எழுதினேன். பதிவுத்தபாலில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மனப்பாரம் குறைந்ததாகச் சொல்ல ஆசைதான். குறையவில்லை. கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அவருடைய எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு, கடிதத்தின் பிரதியோடு அந்த வாசிகசாலைக்குப் போனேன். அதற்குப் பொறுப்பாக நாகேஸ்வரி என்றொரு பெண் இருக்கிறார். அந்த ஒன்பது பிள்ளைகளில் ஒன்று அவருடைய மகள். அந்தப் பிள்ளை கணிதப் பரீட்சையில் சித்தியடையவில்லை, இப்போது ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என்னைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் யார் என்பதைச் சொன்னேன். என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். பிரதியை நீட்டினேன். அவர் வாங்கினார், ஆனால் வாசிக்கவில்லை.

"கோடு எங்கட இணைப்பால விழல்ல எண்டு அக்கா எப்பவோ சொல்லிட்டா சேர்" என்றார். "அப்ப ஆருட பிழ எண்டு நாங்க எல்லாரும் சுத்திவர நிண்டு கேட்டம். அவ சொல்லல்ல. அவர் நல்ல மனிசன், அவரா வந்து சொல்லுவார், பொறுங்க எண்டு மட்டும் சொன்னா. நீங்கதானா அது?"

ஓம் என்றேன். அவர் எனக்கு உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

தவமலர் அக்காவிடமிருந்து உங்களில் பலரிடம் பல நல்ல விஷயங்கள் மிஞ்சியிருக்கும். என்னிடம் இருப்பது, நல்ல மனிசன் என்று அவர் என்னைப் பற்றிச் சொல்லிவைத்த அந்த ஒரு சொல். அது எனக்குரியது அல்ல. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அவர் இல்லை.